கே.ஜி.எஃப்-க்கு கிடைப்பது ‘கால் சீட்’: கர்நாடக விளையாட்டில் வேலை எங்கே இருக்கிறது?

கோலார் தங்கவயலில் பிறந்த ஒரு பெண்ணோ பையனோ ப்ரொஃபஷனல் விளையாட்டு வீரராக வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? சினிமாவில் கேட்டால் ‘மனசு வெச்சா முடியும்’ என்பார்கள். நான் டேட்டா பார்க்கிற ஆள். மனசை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கணக்கு போட்டேன். விடை: கால் சீட்டுக்குக் கொஞ்சம் மேல். ஒரு முழு சீட்கூட இல்லை.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. டிவியில் தெரியும் விளையாட்டு ஒன்று, சோறு போடும் விளையாட்டு இன்னொன்று. கே.ஜி.எஃப். ஊருக்கு இந்த ரெண்டாவது விஷயம் ஒரு காலத்தில் நன்றாகத் தெரிந்திருந்தது. அது எப்படி நடந்தது, எங்கே நின்றது, இப்போது எந்த வழி திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அது என்ன ‘கால் சீட்’?

கர்நாடகத்தின் பெயரில் ஆடும் பெரிய லீக் அணிகளை எண்ணுவோம். ஐ.பி.எல்-லில் ராயல் சேலஞ்சர்ஸ் பெங்களூரு: அதிகபட்சம் 25 பேர். அதன் மகளிர் அணி: 18 பேர். ப்ரோ கபடியில் பெங்களூரு புல்ஸ்: 25 வரை. கால்பந்தில் பெங்களூரு எஃப்.சி.: சுமார் 30. வாலிபாலில் பெங்களூரு டார்பிடோஸ்: ஒரு 15 என்று வையுங்கள். மொத்தம் 113.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் 6.1 கோடி பேர். கே.ஜி.எஃப். நகரில் சுமார் 1.6 லட்சம் பேர். மாநிலத்தில் 0.27 சதவீதம். 113 இடங்களில் 0.27 சதவீதம் என்றால் 0.3 சீட். அதாவது எல்லாம் நியாயமாகப் பங்கு போட்டால்கூட, மூணு நாலு சீசனுக்கு ஒருமுறைதான் ஊரில் ஒருவருக்கு இடம்.

ஆனால் இங்கே பங்கு போடுவதில்லை, ஏலம் விடுகிறார்கள். ஐ.பி.எல். அணியில் 8 பேர் வரை வெளிநாட்டவர் இருக்கலாம். மீதி இடத்துக்கு நாடு முழுவதும் போட்டி. 2019 ஜனவரியில் பெங்களூரு புல்ஸ் கோப்பை வென்ற இறுதி ஆட்டத்தில் 22 புள்ளி எடுத்த பவன் ஷெராவத் டெல்லிக்காரர். இதில் தப்பு எதுவும் இல்லை. லீக் என்பது அப்படித்தான் இயங்கும். அணியின் பெயரில் ‘பெங்களூரு’ இருந்தால் அந்த வேலை பெங்களூருக்காரருக்கு என்று அர்த்தம் கிடையாது, கோலார்க்காரருக்கு என்றும் கிடையாது.

‘மாநில கிரிக்கெட் லீக் இருக்கே?’ என்று கேட்கலாம். நல்ல கேள்வி. 2022-ல் தொடங்கிய மகாராஜா டிராபி டி20-யில் பெங்களூரு, மைசூரு, ஹுப்ளி, குல்பர்கா, மங்களூரு, சிவமொக்கா என்று 6 அணிகள். அணிக்கு 18 பேர் என்றால் 108 இடம். அதையும் சேர்த்தால் கே.ஜி.எஃப். பங்கு அரை சீட்டைச் சற்றே தாண்டும். ஆனால் இது வருடத்தில் ரெண்டு மூணு வாரம் நடக்கும் போட்டி. கோலார் பெயரில் அணியும் இல்லை.

இருக்கும் சீட்டும் நிரந்தரமா? 2025 ஜூன் 3 அன்று ஆர்.சி.பி. முதல்முறையாக ஐ.பி.எல். கோப்பையை வென்றது. மறுநாள் சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். இந்த விளையாட்டின் மேல் இளைஞர்களுக்கு எவ்வளவு ஆசை என்பதற்கு அந்தக் கூட்டமே சாட்சி. அதே ஆண்டு ஆகஸ்டில், ஐ.எஸ்.எல். நடக்குமா நடக்காதா என்ற குழப்பத்தில், பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ரெண்டு முறை ஐ-லீக், ஒரு முறை ஐ.எஸ்.எல். வென்ற கிளப் அது. டாப் கிளப்பில் இடம் கிடைத்தவருக்கே மாசக் கடைசி இப்படி.

சரி, கே.ஜி.எஃப். எப்படி விளையாட்டு ஊரானது?

1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனி இங்கே சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. உச்சத்தில் சுமார் 30,000 பேர் வேலை பார்த்தார்கள். பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், தர்மபுரி பக்கமிருந்து வந்த தமிழர்கள், அதில் பெரும்பகுதி தலித் குடும்பங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது.

கம்பெனி அதிகாரிகள் தங்களுக்காக கிளப், டென்னிஸ் கோர்ட், கோல்ஃப் மைதானம் எல்லாம் அமைத்துக்கொண்டார்கள். ‘லிட்டில் இங்கிலாந்து’ என்ற பேர் அப்படி வந்ததுதான். லைன் வீடுகளில் இருந்தவர்களுக்கு கிளப்புக்குள் இடமில்லை. ஆனால் ஃபுட்பாலும் ஹாக்கியும் வேலி தாண்டி வந்துவிட்டன. ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தால் வெளிச்சம், சமதளமான நிலம், பக்கத்திலேயே ஆள். ஒரு டீம் சேர்க்க வேறென்ன வேணும்?

இங்கே முக்கியமான விஷயம் மைதானம் மட்டும் இல்லை. மைதானத்தை வைத்திருந்ததும், ஆடுபவருக்குச் சம்பளம் கொடுத்ததும் ஒரே கம்பெனி. விளையாட்டு தனித் தொழிலாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்லா ஆடினால் வேலை, வேலை இருப்பதால் தொடர்ந்து ஆடலாம். கால் உடைந்தாலும், 30 வயதில் ஃபார்ம் போனாலும், வேலை இருக்கும்.

இதே முறைதான் பெங்களூரிலும் இருந்தது. ஐ.டி.ஐ., எச்.ஏ.எல்., ரயில்வே, ராணுவத்தின் எம்.இ.ஜி., ஏ.எஸ்.சி. என்று வேலை கொடுத்த இடங்கள்தான் அணிகளையும் வைத்திருந்தன. கோலாரில் பிறந்த கென்னத் பாவெல் இதற்கு நல்ல உதாரணம். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 ரிலே என மூன்றிலும் இந்தியாவுக்காக ஓடியவர். 1965-ல் அர்ஜுனா விருது. 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் ரிலே வெண்கலம். அவர் பெங்களூரில் ஐ.டி.ஐ. ஊழியர். டெலிபோன் தயாரித்த ஒரு பொதுத்துறை நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டே ஒலிம்பிக் போனார். 2022-ல் காலமானார்.

மாநில அளவிலும் இந்த முறை பலன் தந்தது. கால்பந்தின் சந்தோஷ் டிராபியை மைசூர் அணி 1946–47, 1952–53, 1967–68, 1968–69 என நாலு முறை வென்றது. அடுத்த கோப்பை கர்நாடகத்துக்கு 2023 மார்ச்சில்தான் வந்தது, சவுதியின் ரியாத்தில், மேகாலயாவை 3–2 என வென்று. நடுவில் 54 வருட இடைவெளி.

2001-க்குப் பிறகு என்ன ஆச்சு?

சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசிடமும், 1962-ல் மத்திய அரசிடமும் போயின. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ், அதாவது பி.ஜி.எம்.எல்., உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. 120 வருடத்தில் சுமார் 800 டன் தங்கம் எடுத்த இடம் அது. அன்றோடு வேலை போனது என்று எல்லோரும் எழுதினார்கள். விளையாட்டுக்கான சம்பளமும், மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் சேர்ந்தே போனதைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை.

கே.ஜி.எஃப்-ல் பி.இ.எம்.எல். தொழிற்சாலை 1960-களில் இருந்து இருக்கிறது. புல்டோசரும் எக்ஸ்கவேட்டரும் செய்கிறார்கள். ஆனால் ஒரு ஊர் முழுக்க சுரங்கம் கொடுத்த வேலையை ஒரு தொழிற்சாலை ஈடுகட்ட முடியாது. அதனால் இன்றைய கே.ஜி.எஃப். பெங்களூருக்கு ரயில் ஏறும் ஊர். விடிவதற்குள் மாரிக்குப்பத்தில் ஏறி, பங்காருபேட்டை வழியாக நகரத்துக்குள் போய், இருட்டிய பிறகு திரும்புவது ஆயிரக்கணக்கானவர்களின் தினசரி வாழ்க்கை. உங்களில் சிலரும் அப்படிப் போய் வந்தவர்களாக இருக்கலாம்.

இந்தப் பயணத்தை ஒரு 16 வயது விளையாட்டுப் பிள்ளையின் டைம்டேபிளில் வைத்துப் பாருங்கள். சுமார் 100 கிலோமீட்டர். ஒரு வழிக்கு ரெண்டரை மணி நேரம் என்று வைத்தால், போக வர 5 மணி. வாரம் 5 நாள் பயிற்சி என்றால் 25 மணி நேரம் ரயிலிலேயே. தினம் 2 மணி நேரப் பயிற்சிக்கு வாரம் 10 மணிதான். பயிற்சியைவிட ரெண்டரை மடங்கு நேரம் ஜன்னல் ஓரத்தில் போகிறது. பெங்களூரு–சென்னை எக்ஸ்பிரஸ்வேயின் கர்நாடகப் பகுதி 2024 டிசம்பரில் போக்குவரத்துக்கு வந்துவிட்டது, கே.ஜி.எஃப். பக்கமாகத்தான் போகிறது. கார் உள்ளவருக்கு அது வரம். ரயில் பாஸை நம்பி இருக்கும் வீட்டுக்கு அல்ல.

கம்பெனி அணிகள் தேய்ந்தது கே.ஜி.எஃப்-ல் மட்டும் நடந்த கதையும் இல்லை. தேசிய கால்பந்து லீகில் ஆடிய ஐ.டி.ஐ. இன்று அந்த மட்டத்தில் இல்லை. எச்.ஏ.எல். 2010 முதல் 2012 வரை ஐ-லீகில் ஆடிவிட்டு இறங்கியது. விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்து அணிகள் நடத்திய வங்கிகளில், ஸ்டேட் பேங்க் ஆஃப் மைசூர் 2017-ல் எஸ்.பி.ஐ-யோடும், விஜயா பேங்க் 2019-ல் பேங்க் ஆஃப் பரோடாவோடும், சிண்டிகேட் பேங்க் 2020-ல் கனரா பேங்கோடும் இணைந்தன. நாலு வருடத்துக்குள் மூணு பெயர்ப் பலகைகள் காணாமல் போயின. லீக் வந்த அதே காலத்தில் வேலையோடு வந்த விளையாட்டு சுருங்கியது. ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று வந்தது போலத் தெரியும். எண்ணிக்கையில் பார்த்தால் அப்படி இல்லை.

அப்போ கல்லூரி விளையாட்டு?

இங்கேதான் கொஞ்சம் நல்ல செய்தி. நம்மில் நிறைய பேர் காலேஜ் டீமில் ஆடியிருப்போம், டி-ஷர்ட்டும் அட்டெண்டன்ஸும் கிடைத்தது என்று மறந்தும் போயிருப்போம். ஆனால் கல்லூரி விளையாட்டுக்கு ஒரு அரசாங்க மதிப்பு இருக்கிறது.

மத்திய அரசின் குரூப் சி நேரடி நியமனங்களில் 5 சதவீதம் வரை விளையாட்டு வீரர்களை எடுக்கலாம். யார் தகுதியானவர்? நாட்டுக்காக அல்லது மாநிலத்துக்காக ஆடியவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தன் பல்கலைக்கழகத்துக்காக ஆடியவரும், தேசியப் பள்ளி விளையாட்டில் மாநிலப் பள்ளி அணிக்காக ஆடியவரும் விண்ணப்பிக்கலாம். முன்னுரிமை வரிசையில் சர்வதேசம், தேசியம் என்று மேலே இருப்பவர்களுக்கு அடுத்துதான் வருவீர்கள். ஆனால் வரிசையில் இடம் உண்டு. 2020-ல் இந்தச் சலுகைக்கான விளையாட்டுப் பட்டியல் 43-லிருந்து 63 ஆனது.

ஆக, கேள்வி ‘இந்தியாவுக்கு ஆட முடியுமா?’ என்பது மட்டும் இல்லை. ‘யுனிவர்சிட்டி டீமுக்குள் வர முடியுமா?’ என்பதும்தான். இந்த ரெண்டுக்கும் உள்ள தூரம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

இதில் கோலார் மாவட்டத்துக்குச் சாதகமான ஒரு விஷயம் சத்தமில்லாமல் நடந்தது. 2017-ல் பெங்களூரு பல்கலைக்கழகம் மூன்றாகப் பிரிந்தது. கோலார் மாவட்டக் கல்லூரிகள் பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகத்துக்குள் வந்தன. தலைமையிடமே கோலார். முன்பு கே.ஜி.எஃப். டிகிரி காலேஜ் மாணவி ஒருவர் யுனிவர்சிட்டி அணிக்கு வர, பெங்களூரு நகரத்தின் பெரிய கல்லூரிகள் எல்லாவற்றோடும் மோத வேண்டும். இப்போது குளம் சின்னது. நகரத்தின் ஒரு பகுதி இதிலும் உண்டு என்றாலும், போட்டி முன்பு மாதிரி இல்லை. அதே ஊரில் இன்ஜினியரிங் படிப்பவருக்குக் கதை வேறு. உரிகம் பக்கம் இருக்கும் டாக்டர் டி. திம்மையா தொழில்நுட்பக் கல்லூரி பெலகாவியின் வி.டி.யு-வோடு இணைந்தது. மாநிலம் முழுக்க உள்ள இன்ஜினியரிங் கல்லூரிகளோடு போட்டி போட்டுத்தான் வி.டி.யு. அணிக்குள் வர முடியும்.

இன்னொரு பக்கம், விளையாட்டில் பணம் போடும் தனியார் பல்கலைக்கழகங்கள். 2022 ஏப்ரல்–மே மாதங்களில் பெங்களூரில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டில் 20 தங்கத்தோடு முதலிடம் பிடித்தது போட்டியை நடத்திய ஜெயின் பல்கலைக்கழகமே. கே.எல். ராகுல், ராபின் உத்தப்பா, பங்கஜ் அத்வானி என்று ஜெயின் கல்லூரிகளில் படித்தவர்களின் பட்டியலும் நீளம். இந்த மாதிரி இடங்கள் ஏற்கெனவே பதக்கம் வாங்கியவரை உதவித்தொகை கொடுத்து எடுக்கும். முதல் பதக்கம் வாங்கும் வரை உள்ள செலவு யாருடையது? வீட்டுடையதுதான். சுரங்கக் காலத்தில் அந்தச் செலவு கம்பெனி மைதானத்துக்குள் அடங்கிப்போனது.

மோட்டார் ஸ்போர்ட்ஸ் கோலார் பக்கத்திலேயே இருக்கே?

இருக்கிறது. அதுதான் சுவாரசியம். 2015-ல் டக்கார் ரேலியில் கலந்துகொண்ட முதல் இந்தியர், அதை முடித்த முதல் இந்தியரும்கூட, பெங்களூரின் சி.எஸ். சந்தோஷ். அவர் தொடங்கிய பிக் ராக் என்ற ஆஃப்-ரோடு பைக் பயிற்சித் தளம் கோலார் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வார இறுதியில் பெங்களூரிலிருந்து பைக்கில் வந்து மண்ணில் ஓட்டக் கற்றுக்கொண்டு போகிறார்கள். அதாவது திங்கள் முதல் வெள்ளி வரை கோலார் பிள்ளைகள் வேலைக்காக மேற்கே போகிறார்கள், சனி ஞாயிறில் பெங்களூரு விளையாட்டுக்காகக் கிழக்கே வருகிறது.

கர்நாடகம் மோட்டார் ஸ்போர்ட்ஸில் சாதாரண மாநிலம் இல்லை. 2019-ல் எஃப்.ஐ.எம். பாஹாஸ் உலகக் கோப்பையின் மகளிர் பிரிவை வென்ற ஐஸ்வர்யா பிஸ்ஸே பெங்களூர்க்காரர். 2025 மே மாதம் மொனாக்கோவில் ஃபார்முலா 2 ஸ்பிரின்ட் ரேஸை வென்ற குஷ் மைனியும் பெங்களூர்தான். பெங்களூரில் கே-1000, சிக்கமகளூரு காபித் தோட்டங்களுக்குள் ரேலி என்று நீண்ட பாரம்பரியமும் உண்டு. ஆனால் கார் ரேஸ் ஓட்டுவதற்கான நிரந்தரப் பெரிய சர்க்யூட்டுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்கோ, கோவை செட்டிபாளையத்தின் கரி ஸ்பீட்வேக்கோ வர வேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டில் ‘திறமை போதும்’ என்பது பாதி உண்மை. ஃபார்முலா 2 மாதிரி மட்டத்தில் ஒரு சீசனுக்கே பல கோடி ரூபாய் ஆகும். குஷ், அவர் அண்ணன் அர்ஜுன் இருவருக்கும் பின்னால் தொழில் குடும்பம் ஒன்று, ரேஸ் ஓட்டிய அப்பா ஒருவர். காரைவிட பைக் ஓரளவு மலிவு. டி.வி.எஸ்., ஹோண்டா போன்ற கம்பெனிகள் ஒரே மாடல் பைக்கை எல்லோருக்கும் கொடுத்து ஓட்டவைக்கும் போட்டிகளை நடத்துகின்றன. பைக் கம்பெனியுடையது, எனவே சொந்தமாக வாங்க வேண்டியதில்லை. 1982-ல் தொடங்கிய டி.வி.எஸ். ரேசிங்குக்குப் பின்னால் இருக்கும் ஓசூர் தொழிற்சாலை, கர்நாடக எல்லையை ஒட்டியே இருக்கிறது.

கவனித்தீர்களா? இது பழைய கே.ஜி.எஃப். மாடலேதான். கம்பெனி உபகரணம் கொடுக்கிறது, ஆள் ஆடுகிறார். அதோடு, ஒரு ரேஸ் டீமில் வண்டி ஓட்டுபவர் ஒருவர் என்றால் அவருக்குப் பின்னால் மெக்கானிக், டயர் ஆள், டேட்டா பார்ப்பவர் என்று பலர். கனரக வண்டி செய்யும் ஊரில், ஐ.டி.ஐ. படிப்பும் டிப்ளமோவும் முடித்த பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்துக் கதவு முன்கதவைவிடப் பெரியது. 63 விளையாட்டுகள் கொண்ட அந்த மத்திய அரசுப் பட்டியலில் மோட்டார் ஸ்போர்ட்ஸும் இப்போது இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக்குப் போய்விட்டால்?

கே.ஜி.எஃப். வீடுகளில் அடிக்கடி வரும் கேள்வி இது. எல்லை பக்கம், மொழி நம்முது, சொந்தக்காரர்கள் வேலூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். அங்கே விளையாட்டுக்கு மதிப்பும் அதிகம் மாதிரி தெரிகிறது. டி.என்.பி.எல். கிரிக்கெட்டில் திண்டுக்கல், நெல்லை, சேலம், திருப்பூர் என்று மாவட்டங்களின் பெயரிலேயே 8 அணிகள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம். இன்ஜினியரிங் கலந்தாய்வில் விளையாட்டுக்கென்று தனி இடங்கள்.

ஆனால் இந்தச் சலுகைகளுக்கு மொழி கணக்கில் வராது. இருப்பிடமும், எந்த மாநிலத்துக்காக ஆடினீர்கள் என்பதும்தான் கணக்கு. கோலாரில் பிறந்து, கர்நாடகத்தில் படித்து, கர்நாடக அணிக்காக ஓடிய ஒருவர் தமிழ் பேசுகிறார் என்பதால் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டுக்குள் வந்துவிட முடியாது. பிளஸ் டூ முடித்து சென்னையில் தனியார் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உதவித்தொகையோடு சேரலாம், அது எந்த மாநிலத்தவருக்கும் திறந்த வழி. அங்கே யுனிவர்சிட்டி அணிக்கு ஆடினால், மத்திய அரசு வேலைக்கு அந்தச் சான்றிதழ் செல்லும். மாநிலச் சலுகையைப் பொறுத்தவரை, கே.ஜி.எஃப். பிள்ளைகளின் உரிமை கர்நாடகத்தில்தான் இருக்கிறது. கர்நாடகத் தேர்வு ஆணையமான கே.இ.ஏ-வின் தொழிற்படிப்பு சேர்க்கையிலும் விளையாட்டுப் பிரிவு உண்டு. அதைக் கேட்டு வாங்குவது நம் வேலை.

இதை ஏன் இப்போது பேசணும்?

ஏனென்றால் கே.ஜி.எஃப்-ன் நிலத்தைப் பற்றிய முடிவுகள் இந்த வருடங்களில்தான் எடுக்கப்படுகின்றன. ஊருக்குள் நுழைந்தாலே தெரியும் சயனைடு குன்றுகள், அதாவது தங்கம் எடுத்தபின் கொட்டிய மண், மொத்தம் 13. சுமார் 1,003 ஏக்கரில் 3.3 கோடி டன். அதிலிருந்து மிச்சத் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பி.ஜி.எம்.எல். வசமுள்ள மற்ற நிலத்தில் தொழிற்பேட்டை வர வேண்டும் என்ற பேச்சும் ஓடுகிறது.

வேலை வரட்டும், நல்லதுதான். ஆனால் ஊரின் பழைய மைதானங்கள் பலதும் சுரங்கக் கம்பெனியின் நிலத்தில் உருவானவை. நிலத்துக்கு வரைபடம் போடும்போது அதில் ‘விளையாட்டு மைதானம்’ என்று ஒரு கட்டம் குறிக்கப்படவில்லை என்றால், பிறகு எந்த லீக் வந்தும் பயன் இல்லை. ஷெட் கட்டிய பிறகு மைதானம் கேட்க முடியாது. மேலே சொன்ன ரயில் கணக்கை மாற்ற ஒரே வழி, வாரம் 10 மணி நேரப் பயிற்சி ஊரிலேயே நடப்பதுதான். அதற்குத் தேவை சர்வதேச ஸ்டேடியம் இல்லை. தண்ணி நிற்காத ஒரு மைதானம், சாயங்காலம் எரியும் நாலு லைட், சம்பளம் வாங்கும் ஒரு கோச். அவ்வளவுதான்.

வரும் தொழிற்சாலைகளிடம் இன்னொன்றும் கேட்கலாம். சுரங்கக் கம்பெனி செய்ததை நீங்களும் செய்வீர்களா? ஒரு யூனிட்டுக்கு ஐந்து விளையாட்டு வீரர்களுக்கு வேலை, மைதானத்தைப் பராமரிக்கக் கொஞ்சம் பணம். பத்து யூனிட் வந்தால் 50 வேலை. நம் கால் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர் ஆடுகிறார் என்றால்

நீங்கள் இப்போது பெங்களூரிலோ சென்னையிலோ ஆஃபீஸில் உட்கார்ந்து இதைப் படிக்கலாம். ஊரில் தம்பி, தங்கச்சி, அக்கா பிள்ளை யாராவது நன்றாக ஓடுகிறார்கள், ஆடுகிறார்கள் என்றால் இந்த ஐந்து விஷயங்களை அவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்.

1. சான்றிதழைப் பத்திரப்படுத்துங்கள். பள்ளி அளவில் தொடங்கி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். மத்திய அரசு வேலைக்கு, பல்கலைக்கழகப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 3 என்ற தனிச் சான்றிதழ் கேட்பார்கள். பல்கலைக்கழக விளையாட்டுத் துறையிடம் படிக்கும்போதே வாங்கிவிடுவது நல்லது. கோர்ஸ் முடித்து மூணு வருடம் கழித்து அலைவது கஷ்டம்.

2. போட்டி அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். ‘தேசிய சாம்பியன்ஷிப்’ என்று பேனர் கட்டி, நுழைவுக் கட்டணம் வாங்கி, பளபள கோப்பை கொடுக்கும் போட்டிகள் நிறைய. அந்த விளையாட்டின் அங்கீகரிக்கப்பட்ட சம்மேளனம் நடத்தவில்லை என்றால் அந்தச் சான்றிதழ் சுவரில் மாட்டத்தான் உதவும்.

3. கல்லூரியைத் தேர்வு செய்யும்போது அது எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்றும் கேளுங்கள். யுனிவர்சிட்டி அணிக்குள் வருவது எங்கே எளிது என்பது ஒரு நிஜமான காரணம். கட் ஆஃப் பார்ப்பது போல இதையும் பாருங்கள்.

4. வேலை விளம்பரத்தை வரி வரியாகப் படியுங்கள். ரயில்வே போன்ற இடங்களில் ஆடியிருந்தால் மட்டும் போதாது, எந்தப் போட்டியில் எத்தனாவது இடம் என்றும் கேட்பார்கள். கடைசி இரண்டு வருட விளம்பரங்களைப் பார்த்தாலே எந்த விளையாட்டுக்கு, எந்தப் பொசிஷனுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று புரியும்.

5. மாநில அரசின் விளையாட்டு விடுதிகள், தசரா போட்டிகள் இவற்றின் தேதிகளைக் கவனியுங்கள். தசரா சி.எம். கப் தாலுகா அளவில் தொடங்கி மாநிலம் வரை போகும். ரயில் ஏறாமல் முதல் படியை ஊரிலேயே ஏற முடிகிற வழி அது.

கடைசியாக, அந்த 0.3 சீட்டுக்கு வருவோம். அந்தக் கனவைக் காண வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாருக்காவது அந்தச் சீட் கிடைக்கத்தான் போகிறது, அது மாரிக்குப்பத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். ஆனால் கிடைக்காத மற்றவர்கள் எல்லாரும் தோற்றவர்கள் இல்லை. கென்னத் பாவெல் காலத்தில் அவர்களுக்கு ஒரு வேலை இருந்தது, சாயங்காலம் ஆட ஒரு மைதானமும் இருந்தது. தங்கம் குறைந்து செலவு கட்டுப்படியாகாததால் சுரங்கத்தை மூடினார்கள் என்பது ஒரு கணக்கு. மைதானத்தை மூட அந்தக் கணக்கு எதுவும் இல்லை.